முகநூலில் போட்டுவிட்டால் மக்களுக்குச் சொன்னதாகுமா? திருகோணமலையிலிருந்து ஒரு விவாத இழை

கச்சேரியடி (சனி, இரவு 8.40)

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகும் வழியில் தட்டச்சு, நிழற்படப் பிரதி, இணையவழி விண்ணப்பம் ஆகியவற்றைச் செய்துகொடுக்கும் சிறிய கடை ஒன்றைப் பதினாறு வருடங்களாக நடத்தி வருகிறேன். அரசாங்கம் மக்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறது என்பதை, அமைச்சர்களின் உரைகளில் படித்ததைவிட, என் கடைக்கு வருகிறவர்கள் நீட்டும் கைத்தொலைபேசித் திரைகளில்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன்.

சென்ற கிழமை தம்பலகாமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஓர் அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில் வந்த அறிவித்தலை மகள் அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மேசையில் வைத்து எடுத்த கடிதமொன்றின் படம் அது. சற்றுச் சரிந்திருந்தது, முழுவதும் சிங்களத்தில் இருந்தது, இறப்பர் முத்திரை சரியாகத் திகதியின் மேல் விழுந்திருந்தது. "தம்பி, கடைசி நாள் எது?" என்று அந்த அம்மா கேட்டார். படத்தை எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தும் 14ஆ 19ஆ என்று எனக்குத் தெரியவில்லை. அலுவலகத் தொலைபேசிக்கு நான்கு முறை எடுத்தும் எவரும் தூக்கவில்லை. முகநூல் பதிவின் கீழே நாற்பதுக்கு மேற்பட்டோர் கருத்திட்டிருந்தார்கள். பாதிப் பேர் கேட்டது இதே கேள்வி. பதில் ஒன்றுகூட இல்லை. தமிழ்ப் பிரதி மூன்று நாள் கழித்து வந்தது. அப்போதுதான் அது 14 என்று தெரிந்தது; திகதியும் கடந்திருந்தது.

இப்போது பிரதேச செயலகம் முதல் சுகாதாரப் பணிமனை வரை பக்கம் இல்லாத அலுவலகம் அரிது. இதை நான் குறை சொல்லவில்லை. அறிவித்தல் பலகையைப் பார்க்க வெருகலிலிருந்து பஸ் பிடித்து வந்த காலத்தைவிட இது மேல். ஆனால் அறிவித்தல் வேறு, கேட்ட கேள்விக்குப் பதில் வேறு, மக்கள் தாங்களே எடுத்து ஆராய்ந்து பயன்படுத்தக்கூடிய தரவு வேறு. முதலாவதைச் செய்துவிட்டு மூன்றையும் செய்ததாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டதோ என்று எனக்கு ஐயம். உறுப்பினர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய கோவை (சனி, இரவு 9.55)

முப்பத்தோரு வருடம் அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உள்ளிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்பதை எழுதுகிறேன்.

கடிதத்தை ஏன் படமெடுத்துப் போடுகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். காரணம் சோம்பல் அல்ல. எங்கள் மரபில் கையொப்பமும் முத்திரையும் இல்லாத எழுத்து எழுத்தே அல்ல. அதே வாசகத்தை முகநூலில் தட்டச்சுச் செய்து போட்டால், நாளைக்குப் பிழை கண்டுபிடிக்கப்படும்போது "யார் உனக்கு அனுமதி தந்தது?" என்ற கேள்வி, பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அபிவிருத்தி உத்தியோகத்தரின் தலையில் விழும். கடிதத்தின் படம் என்றால் பொறுப்பு ஒப்பமிட்டவருடையது. அந்த இளம் உத்தியோகத்தர் பெரும்பாலும் தன் சொந்தக் கைத்தொலைபேசியில், தன் சொந்த டேட்டாவில், மற்ற வேலைகளுக்கு நடுவே இதைச் செய்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

கருத்துகளுக்குப் பதில் வராததற்கும் காரணம் உண்டு. ஊடகங்களுக்குத் தகவல் வழங்குவது பற்றி, அரச உத்தியோகத்தருக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவையில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. 2022 செப்டெம்பரில், அரச உத்தியோகத்தர்கள் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவதைத் தடுத்துச் சுற்றறிக்கையும் வந்தது. கருத்து வேறு, தகவல் வேறு என்று நீங்கள் வாதிடலாம். விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் அப்படி வாதிட்டு நான் பார்த்ததில்லை. வாய் மூடியிருந்ததற்காக யாருக்கும் குற்றப்பத்திரம் வந்ததில்லை, வாய் திறந்ததற்காக வந்திருக்கிறது. இதை ஒவ்வொரு எழுதுவினைஞரும் சேர்ந்த முதல் வருடத்திலேயே படித்துக்கொள்கிறார்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை உங்கள் கோபம் நியாயமானது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வடக்குக் கிழக்கில் தமிழ் நிருவாக மொழியும்கூட. சட்டப்படி நம் மாவட்டத்தில் தமிழ்ப் பிரதி பின்னால் வரவேண்டிய பிரதி அல்ல. நடைமுறையில் கொழும்பிலிருந்து வருவது சிங்களத்தில் வருகிறது. மொழிபெயர்ப்பாளர் பதவி வெற்றிடமாக இருக்கும் அலுவலகத்தில் அதைத் தமிழாக்குவது யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர்தான்.

வெருகல் கரை (ஞாயிறு, காலை 6.15)

கடைசி நாள் தவறினால் ஒரு விண்ணப்பம் போகும். எங்கள் பக்கத்தில் தவறுவது வேறு.

மகாவலி மலைநாட்டில் பிறந்து, நாட்டின் பாதித் தூரம் ஓடி, இங்கே கொட்டியாரக் குடாவில் கடலுடன் சேர்கிறது. கடலை அடையும் முன் அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிகிறது. எனவே நாவலப்பிட்டியிலும் பேராதனையிலும் பெய்த மழை எங்களுக்கு உடனே தெரியாது, பிந்தித் தெரியும். அந்தப் பிந்தல்தான் எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். பொலன்னறுவைப் பக்கம் மனம்பிட்டியில் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் நிலையம் இருக்கிறது. அங்கே மட்டம் ஏறினால், சில மணித்தியாலங்களுக்குப் பிறகு எங்கள் வயலுக்குள் தண்ணீர் வரும் என்பது எங்கள் அப்பாமாருக்கே தெரிந்த கணக்கு.

வெள்ளக் காலத்தில் அந்த நீர்மட்ட அட்டவணை சில மணித்தியாலங்களுக்கு ஒரு முறை வெளியாகிறது. இது பெரிய விடயம், நன்றியோடுதான் சொல்கிறேன். அட்டவணையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ள மட்டம், பெரு வெள்ள மட்டம் என்று மூன்று எண்களும், அந்த நேரத்து மட்டமும், ஏறுகிறதா இறங்குகிறதா என்ற குறிப்பும் இருக்கும். அது ஆங்கிலத்தில், மீற்றரில், சிறிய எழுத்தில் ஒரு பக்கப் படமாக வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது அந்தப் படத்தை நாங்கள் வட்ஸ்அப்பில்தான் பெற்றோம். யாரோ அனுப்பியதை யாரோ அனுப்பி, நாலாவது கையாக எனக்கு வந்தபோது அது காலை அட்டவணையா, முந்திய இரவினுடையதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மேல் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. நேரம் அந்த ஓரத்தில் இருந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசியில் பதினொரு வீத மின்னேற்றம். அந்தப் படத்தைப் பெருப்பித்து மனம்பிட்டி வரியைத் தேடிய அந்த ஐந்து நிமிடத்தை நான் மறக்கமாட்டேன்.

அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வரி: "மனம்பிட்டியில் இன்று மாலை 3 மணிக்கு நீர்மட்டம் இவ்வளவு, ஏறுகிறது, வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர் மக்கள் மேட்டுக்குச் செல்லவும்." அந்த வரியை எழுதத் தேவையான எல்லா எண்ணும் அரசிடம் இருந்தது.

கரைவலை (ஞாயிறு, காலை 7.02)

மீனவர்களுக்கான வானிலை அறிவித்தலிலும் இதே கதைதான். "ஆழமற்ற கடற்பரப்பு" என்று எழுதுகிறார்கள். எத்தனை கடல் மைல் வரை என்று எங்கள் வாடியில் எவருக்கும் தெரியாது. வானொலியில் வாசிப்பவர் "கொழும்பிலிருந்து காங்கேசன்துறை, திருகோணமலை ஊடாக" என்று தொடங்கியதும்தான் அப்பா காது கொடுப்பார். வானொலிக்கு ஓரம் வெட்டுப்படுவதில்லை.

நிரலாளன் (ஞாயிறு, பகல் 11.30)

சொந்த ஊர் உப்புவெளி. தொழில் கொழும்பில், மென்பொருள் துறையில். வெருகல் கரை அண்ணா சொன்ன அந்த அட்டவணையோடு எனக்கு நேரடிச் சண்டை உண்டு. டித்வாவுக்குப் பிறகு, அட்டவணையைத் தானாகவே வாசித்து மனம்பிட்டி வரியை மட்டும் எடுத்துத் தமிழில் ஒரு குறுஞ்செய்தியாக மாற்றும் நிரல் ஒன்றை எழுதினேன். பதினெட்டு நாள் ஒழுங்காக வேலை செய்தது. பத்தொன்பதாம் நாள் எவரோ அட்டவணையில் ஒரு நெடுவரிசையைப் புதிதாகச் சேர்த்தார்கள்; என் நிரல் மழைவீழ்ச்சியை நீர்மட்டம் என்று வாசித்து, ஆறு 42 மீற்றர் உயர்ந்துவிட்டதாக எனக்கே செய்தி அனுப்பியது. நல்ல வேளையாக அதை நான் இன்னும் எவருக்கும் திறந்துவிட்டிருக்கவில்லை.

திறந்த தரவு என்று தொழில்நுட்பத்தார் சொல்வது இந்த இடத்தைத்தான். இணையத்தில் கிடைப்பதெல்லாம் திறந்த தரவு ஆகாது. உலகளாவிய வலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ்-லீ 2010இல் இதற்கு ஐந்து நட்சத்திர அளவுகோல் ஒன்றை வைத்தார். எவரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு எந்த வடிவத்திலாவது வெளியிட்டால் ஒரு நட்சத்திரம். வருடப்பட்ட படம்கூட இதற்குள் அடங்கும். இயந்திரம் வாசிக்கக்கூடிய ஒழுங்கமைப்பில், உதாரணமாக எக்செல் அட்டவணையாகத் தந்தால் இரண்டு. எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்கும் கட்டுப்படாத எளிய வடிவத்தில் தந்தால் மூன்று. நான்கும் ஐந்தும் தரவுகளை ஒன்றோடொன்று இணைப்பது பற்றியவை. அவை நமக்கு இப்போதைக்கு வேண்டாம். மூன்றாவது நட்சத்திரம் போதும், ஆறு வீட்டுக்குள் வருமுன் தகவல் வந்துவிடும்.

இதைச் செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் வேண்டுமானால் தாய்வானைப் பாருங்கள். 2020 பெப்ரவரியில், முகக்கவசம் தட்டுப்பாடாக இருந்தபோது, எந்த மருந்தகத்தில் எத்தனை இருக்கிறது என்ற கணக்கை அந்த அரசு இயந்திரம் வாசிக்கும் வடிவில் திறந்துவிட்டது. அது சில நிமிடங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்டது. வரைபடங்களையும் செயலிகளையும் செய்தவர்கள் வெளியிலிருந்த நிரலாளர்கள். ஜகார்த்தாவில் இதற்கு மறுவளமாகச் செய்தார்கள்: வெள்ளம் புகுந்த தெருவிலிருந்து மக்கள் போட்ட ருவிட்டர் பதிவுகளைத் திரட்டி, பெத்தாஜகார்த்தா என்ற நேரடி வெள்ள வரைபடத்தை உருவாக்கினார்கள். முதலாவதில் தரவு அரசிடமிருந்து மக்களுக்குப் போனது, இரண்டாவதில் மக்களிடமிருந்து அரசுக்குப் போனது. நம் முகநூல் பக்கங்களில் இரண்டு திசையிலும் எதுவும் போகவில்லை. படம் ஒன்று தொங்குகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, கச்சேரியடி அண்ணாவுக்குத் தெரிந்திருக்கும்: பாமினி.

கச்சேரியடி (ஞாயிறு, மாலை 4.20)

தெரியாமலா? என் சோற்றில் பாதி பாமினி போட்டது.

விளங்காதவர்களுக்காக எழுதுகிறேன். பாமினி என்பது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தை ஒட்டிவைத்த பழைய எழுத்துரு. கடதாசியில் அச்சிட்டால் அழகான தமிழ். கணினிக்கோ அது ஆங்கில எழுத்துகளின் குவியல். நம் மாவட்டத்தின் எத்தனையோ அரச ஆவணங்கள் இன்றைக்கும் அதில்தான் தட்டச்சாகின்றன. அப்படியான ஆவணத்தில் "திருகோணமலை" என்று தேடிப் பாருங்கள், ஒன்றும் வராது. ஒரு வரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால், போதையில் தட்டியதுபோல ஏதோ வரும். கண் தெரியாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளும் அதையே உளறும். யூனிகோடில் தட்டுங்கள் என்று நான் சொன்னால், "எங்கள் பிரின்டருக்கு அது சரிவராது" என்பார்கள். பிரின்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் அந்த விவாதத்தில் நான் இதுவரை வென்றதில்லை.

கிண்ணியா மகள் (ஞாயிறு, இரவு 9.10)

நானும் ஓர் அரச உத்தியோகத்தர், சுகாதாரத் துறையில். பழைய கோவை ஐயா சொன்ன சுற்றறிக்கையை மனதில் வைத்து அளந்தே எழுதுகிறேன்.

2017இல் டெங்கு கிண்ணியாவை உலுக்கியதை எல்லோரும் அறிவீர்கள். அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,101 நோயாளர்கள் பதிவானார்கள். தொற்றுநோய் விஞ்ஞானப் பிரிவு கிழமைக்குக் கிழமை வெளியிடும் அறிக்கை உண்மையிலேயே நல்ல பணி; வருடக் கணக்காகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் அதன் அட்டவணை மாவட்டம், பிராந்தியம் என்ற அளவில்தான் நிற்கிறது. திருகோணமலையில் இத்தனை என்றால் கிண்ணியாவில் ஒரு தாய் அதை வைத்து என்ன செய்வார்? தன் வீதியில், தன் பிள்ளையின் பாடசாலைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும். தரவு திறந்திருந்தாலும் அது எந்த மட்டத்தில் திறந்திருக்கிறது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது.

ஆனால் நிரலாளன் தம்பி அவசரப்பட வேண்டாம். மட்டத்தைக் கீழே இறக்க இறக்க இன்னோர் ஆபத்து வரும். ஒரு வீதியில் மூன்று நோயாளர் என்றால், அவர்கள் யார் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரியும். 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவின் பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் வெளியிடப்பட்டு, மேன்முறையீட்டோடு ஆட்சேபனைக்கும் இடம் தரப்பட்டபோது எங்கள் பக்கத்தில் நடந்ததை நான் கண்டேன். வெளிப்படைத்தன்மை என்ற நோக்கம் சரிதான். தகுதியில்லாதவர் பெயர் இருந்தால் சொல்ல வழி வேண்டும். ஆனால் வேலிச் சண்டையைத் தீர்க்க ஆட்சேபனை எழுதியவர்களும் இருந்தார்கள். கணவனை இழந்த ஒரு பெண்ணின் பெயர் உள்ள பக்கத்தை யாரோ வட்டம் போட்டு வட்ஸ்அப் குழுவில் இட்டார்கள். அவர் இரண்டு மாதம் கிளினிக்கிற்கு வரவில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறிவிட்டது. 9ஆம் இலக்கச் சட்டம். அந்த வட்டத்தை அதனால் அழிக்க முடியவில்லை.

மக்களைப் பற்றிய தரவு மூடியிருக்க வேண்டும், அரசைப் பற்றிய தரவு திறந்திருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நடைமுறையில் பல வேளைகளில் இது தலைகீழாகக் கிடக்கிறது. அஸ்வெசும பெறும் பெண்ணின் பெயர் என் தொலைபேசியில் வருகிறது. பக்கத்து வீதியின் ஒப்பந்தத் தொகை வருவதில்லை.

இதைச் சொல்லும்போது குறிஞ்சாக்கேணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். அதற்கு முன் பாலம் எப்போது முடியும், அதுவரை மாற்றுப் பாதை எது, படகை யார் பரிசோதித்தார் என்று ஊரில் எவரிடமும் எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை.

பழைய கோவை (திங்கள், காலை 5.50)

சகோதரி எழுதியதை இரவு படித்துவிட்டுத் தூங்க நேரமாகியது. என் முதல் பதிவில் அலுவலகத்துக்கு வக்காலத்து வாங்கியதாகச் சிலர் தனிமடலில் குறைபட்டார்கள். விளக்கம் சொன்னேன், நியாயம் சொல்லவில்லை.

தகவலறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவை எவரும் பேசுவதில்லை. கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கேட்காமலே கொடுக்க வேண்டியவையும் அதில் உண்டு. வெளிநாட்டு நிதியில் ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் ஐந்து லட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட கருத்திட்டம் எதுவானாலும், வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொது மக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அதன் விபரங்களை அறிவிக்க வேண்டும். இன்றைய விலைவாசியில் ஐந்து லட்சம் என்பது ஒரு சின்ன மதகு. அதாவது ஊரில் நடக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு வேலையும் இதற்குள் வரும். முகநூல் பக்கங்களுக்கு உண்மையான வேலை இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அடிக்கல் நாட்டும் படம் அல்ல.

நிரலாளன் (திங்கள், பகல் 1.15)

ஐயா, ஆள் இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை என்ற காரணங்களை நான் முழுதாக ஏற்கமாட்டேன். 2022 யூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தது நினைவிருக்கிறதா? மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. மைல் கணக்கில் நின்ற வரிசை சில கிழமைகளில் கரைந்தது. 2023 செப்டெம்பர் வரை அது ஓடியது. அரசுக்கு வேண்டும் என்று வந்தபோது தரவு சேர்க்கவும், அதை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பயன்படுத்தவும் முடிந்தது.

கச்சேரியடி (திங்கள், பகல் 1.40)

அது வேலை செய்ததில் என் போன்ற கடைகளுக்கும் பங்கு உண்டு என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன். கூர்மைத் தொலைபேசி இல்லாதவர்கள் அடையாள அட்டையோடும் வாகனப் புத்தகத்தோடும் வந்தார்கள். பதிந்துகொடுத்து, கியூஆரை அச்சடித்து, லெமினேட் செய்துகொடுத்தோம். அந்த அட்டையை நூலில் கோத்து ஆட்டோவின் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்தார்கள், முருகன் படத்துக்குப் பக்கத்தில். அரசின் இலத்திரனியல் சேவை கடைசி அரை மைலில் ஒரு லெமினேட் மெஷினில்தான் ஓடியது.

வெருகல் கரை (திங்கள், மாலை 6.30)

ஒன்றைக் கவனித்தீர்களா? கியூஆர் எங்களிடமிருந்து தரவை வாங்கும் முறை. வெள்ள மட்டம் எங்களுக்குத் தரவைத் தரும் முறை. முதலாவதற்கு அவசரம் வந்தது.

இன்னொரு சந்தேகம். எல்லாவற்றையும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் வைத்துவிட்டு, அவற்றையே அரசு மூடினால் என்ன ஆகும்? 2018 மார்ச்சில் மூடினார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேல் மூடினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் மூடினார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அந்த நாள்களில் ஆறு பெருகியிருந்தால் எச்சரிக்கை எந்த வழியில் வந்திருக்கும்?

கரைவலை (திங்கள், மாலை 6.41)

வானொலி.

கிண்ணியா மகள் (திங்கள், இரவு 8.05)

வானொலியும், பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகளும். 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கமும், 1919 என்ற அரச தகவல் நிலையத்தின் இலக்கமும் பொத்தான் தொலைபேசியிலும் வேலை செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தாய்மார் பலருக்கு முகநூல் இல்லை. வீட்டில் ஒரு தொலைபேசி, அது பகலில் கணவனோடு கடலில் அல்லது வயலில் இருக்கும். ஆகவே ஒரே தகவல் ஐந்து வழியாகப் போக வேண்டும். அப்படிப் போகும்போது ஐந்தும் ஒன்றையே சொல்ல வேண்டுமானால், மூலம் ஓரிடத்தில், எழுத்தாக, நேரத்தோடு இருக்க வேண்டும். தம்பி சொல்லும் மூன்றாவது நட்சத்திரம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. ஒலிபெருக்கியில் வாசிக்கும் மோதினாருக்கும் அதுதான் உதவும்.

பழைய கோவை (செவ்வாய், காலை 6.00)

பேசியது போதும், ஒரு விண்ணப்பம் எழுதுவோம். அரசியலமைப்பின் 14அ உறுப்புரை தரும் தகவலறியும் உரிமை இது. காரணம் சொல்லத் தேவையில்லை. கீழ்க்கண்டவாறு வரைந்திருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"மகாவலியின் கீழ்ப்பகுதி நிலையங்களில் கடந்த ஐந்து வருடங்களில் பதியப்பட்ட நீர்மட்ட அளவுகளை, அளந்த நேரத்துடன், இலத்திரனியல் அட்டவணை வடிவில், படமாக அல்லாமல், வழங்கவும். வெள்ள எச்சரிக்கைகள் மூன்று மொழிகளிலும் வெளியான நேரங்களைத் தனித்தனியே வழங்கவும்."

இரண்டாவது கேள்விதான் முக்கியம். சிங்களப் பிரதி எத்தனை மணிக்கு, தமிழ்ப் பிரதி எத்தனை மணிக்கு என்று எழுத்தில் கேட்டுவிட்டால், பதில் சொல்ல ஒருவர் முதல் முறையாக அந்த இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிவரும். தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

நிரலாளன் (செவ்வாய், காலை 9.20)

"அளவீட்டு அலகையும் நிலையத்தின் அமைவிடத்தையும்" என்று சேர்த்துவிடுங்கள் ஐயா. 42 மீற்றரால் நான் பட்டது போதும்.

கச்சேரியடி (வியாழன், பிற்பகல் 3.10)

விண்ணப்பத்தை இன்று காலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தகவல் அலுவலர் மரியாதையாகவே நடந்துகொண்டார். சட்டப்படி தரவேண்டிய எழுத்துமூல ஒப்புகையையும் உடனே தந்தார். அது சிங்களத்தில் இருந்தது. தமிழில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். தமிழில் படிவம் இருக்கிறது, தட்டச்சுச் செய்கிறவர் இன்றைக்கு விடுமுறை என்றார். நான் தொழிலே அதுதான் என்று சொன்னதும், சற்று யோசித்துவிட்டு, மேசை இலாச்சியிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார்.

பாமினியா யூனிகோடா என்று கேட்டேன். "உங்களுக்கு எது வசதியோ அது" என்றார். யூனிகோடில் தட்டி, இரண்டு பிரதி அச்சிட்டு, ஒன்றில் அவரிடம் ஒப்பமும் முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். அவருடைய பிரின்டரில்தான் அச்சிட்டோம். எந்தக் கோளாறும் செய்யவில்லை. திகதியின் மேல் முத்திரை விழாமல் பார்த்துக்கொண்டேன்.